மாமா மாணவராகிறார்

சென்ற பொங்கலன்று மாலை. ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் வீட்டில் காலையிலேயே பொங்கல் பொங்கிவிட்டது. கரும்பும் கடித்தாயிற்று. டில்லி மூடுபனிக்குள் சூரிய பகவான் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஊகித்து, ஒரு திசையைப் பார்த்துக் கும்பிட்டும் ஆயிற்று. பரீதாபாத்திலிருந்து மாமா குடும்பத்துடன் வந்திருந்தார். நாலு மணிக்கு எல்லோரும் மலை மந்திருக்குப் புறப்பட்டோம். தரிசனம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது, மாமா என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"மாப்பிள்ளே, நீ கணக்குத் தெரிஞ்சவன். இதைக் கொஞ்சம் பாரு. இப்போதைக்கு யார்கிட்டேயும் சொல்லாதே."

தாளில் மூன்று வரிகள் மட்டுமே இருந்தன. "எம்.பி.ஏ. வயது 38. செலவு 35 லட்சம்?" அந்தக் கேள்விக்குறி பெரிதாக இருந்தது, பலமுறை பேனாவால் அதன் மேலேயே எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது; நல்ல வேளையாக அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தகப்பனுக்கே உபதேசம் செய்த சுவாமிநாதன் சந்நிதியில், மருமகன் தாய்மாமனுக்கு யோசனை சொல்வதில் தவறில்லை என்று தைரியம் கொண்டேன். அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஆறு மாதம் நீடித்தது. அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் மன்ற அன்பர்களில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன் முதலாக மேற்படிப்புக்கு வந்தவர்கள். ஆகவே, மாமாவோ அக்காவோ சித்தப்பாவோ இதே கேள்வியோடு உங்களிடமும் ஒரு நாள் வரக்கூடும். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கேள்வி நமக்கே எழவும் கூடும்.

கேள்வி பிறந்த கதை

மாமா இயந்திரப் பொறியியல் படித்தவர். 2009ஆம் ஆண்டு, 22ஆம் வயதில், மோட்டார் வாகனங்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது வேறோர் ஆலையில் உற்பத்தி மானேஜர். இயந்திரம் ஒன்று ஓடும் ஓசையைக் கேட்டே அதன் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். தொழிலாளிகள் தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை முதலில் அவர் கையில்தான் கொடுப்பார்கள்.

சென்ற ஆண்டு அந்த ஆலையின் முழுப் பொறுப்பாளர் பதவி, அதாவது பிளாண்ட் ஹெட் வேலை, காலியாயிற்று. மாமாவையும் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். உற்பத்தியைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னார். பிறகு ஒருவர், "உங்கள் கிடங்கில் எத்தனை நாள் சரக்கு இருக்கிறது?" என்று கேட்டார். "நாற்பத்தைந்து நாள்" என்றார் மாமா, சற்றுப் பெருமையாகவே. சரக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்பவர் அல்லவா? "அதனால் கம்பெனிக்கு மாதம் என்ன செலவாகிறது?" என்பது அடுத்த கேள்வி. மாமாவிடம் பதில் இல்லை. பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் மாமாவைவிட ஐந்து வயது இளையவர், எம்.பி.ஏ. படித்தவர்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கும் அன்று விளங்கவில்லை. பிறகு விளங்கியதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். கிடங்கில் 6 கோடி ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சும்மா கிடக்கும் இரும்பு அன்று. சும்மா கிடக்கும் பணம். பாங்கியில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிய பணமானால், ஆண்டுக்கு 60 லட்சம், மாதத்துக்கு 5 லட்சம் ரூபாய் வட்டியாகவே கரைகிறது. சரக்கைப் பாதியாகக் குறைத்தும் வேலை தடைப்படாமல் ஓட்ட முடியுமானால், ஒரு போல்ட்டுக்கூட அதிகமாகச் செய்யாமலே மாதம் இரண்டரை லட்சம் மிச்சம். இயந்திரத்தைப் பார்ப்பவன் இரும்பைக் காண்கிறான். ஆலை முழுவதையும் நடத்துபவன் அந்த இரும்புக்குள் பணத்தையும் காண வேண்டும். கணக்கியல், நிதி, விற்பனை, உற்பத்தி, மனிதர்களை நடத்தும் முறை, பொருளாதாரம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே எம்.பி.ஏ. என்னும் வணிக நிர்வாகப் படிப்பு.

படிப்பு வந்த வழி

முற்காலத்தில் இந்த வித்தையைக் கடையிலேயே கற்றார்கள். நம் செட்டிநாட்டுப் பிள்ளைகள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, கடல் கடந்த ஊர்களில் கடையையே நடத்தும் பொறுப்புக்கு வந்ததை யாவரும் அறிவர். கல்லூரியில் வைத்து இதைக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் பிற்பாடு வந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தொடங்கியது. வேலையில் இருக்கும் அனுபவஸ்தர்களுக்கென்றே தனியாக ஓர் எம்.பி.ஏ. வகுப்பைச் சிகாகோ பல்கலைக் கழகம் 1943இல் ஏற்படுத்தியது. ஆகவே, "தலை நரைக்கும் வயதில் படிப்பா?" என்று மாமா கூச்சப்பட வேண்டியதில்லை, அந்த வழி ஏற்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நம் நாட்டில், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 1949இல் பிறந்தது. நம் டில்லிப் பல்கலைக் கழகத்தின் நிர்வாகவியல் துறை 1954இல் தோன்றியது. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961இல் ஐ.ஐ.எம்.கள் ஏற்பட்டன. ஆமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை நின்றது. உண்மையாக நடந்த ஒரு கம்பெனிச் சிக்கலை எழுத்தில் கொடுத்து, "நீ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று வகுப்பில் விவாதிக்கச் செய்யும் முறையும் அங்கிருந்தே வந்து வேரூன்றியது. அனுபவஸ்தர்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். இருபத்திரண்டு வயது மாணவன் அந்தச் சிக்கலைக் கதையாகப் படிப்பான். மாமா போன்றவர் தம் வாழ்க்கையில் பட்டதாகவே படிப்பார்.

மூன்று வழிகள்

எம்.பி.ஏ. என்று ஒரே பெயர் இருந்தாலும், நடுவயதுக்காரர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கேட் தேர்வு எழுதிச் சேரும் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. இதற்கு மேல் வயது வரம்பு என்று பொதுவாக இல்லை. ஆனால் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள், பெரும்பாலும் இளைஞர்களைப் புதிதாகப் பழக்கி எடுப்பதற்காகவே வருகின்றன. பதினாறு ஆண்டு அனுபவமுள்ள மனிதரை என்ன சம்பளத்தில், யாருக்குக் கீழே உட்கார வைப்பது என்று அவர்கள் திகைப்பார்கள். ஆகவே மாமாவுக்கு இவ்வழி பொருந்தாது.

இரண்டாவது, அனுபவஸ்தர்களுக்கென்றே அமைந்த ஓராண்டு முழுநேரப் படிப்பு. ஆமதாபாத் ஐ.ஐ.எம். இதை 2006இல் தொடங்கியது, வேறு ஐ.ஐ.எம்.களும் பின்னர் தொடங்கின. இதற்குப் பெரும்பாலும் ஜிமேட் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். இப்போதைய ஜிமேட் இரண்டே கால் மணி நேரம். கணக்கு, மொழி, தரவுகளை ஆராய்தல் என்று மூன்று பகுதிகள். மொத்தம் 64 கேள்விகள். மதிப்பெண் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இவ்வழியில் போனால் வேலையை விட வேண்டும். கட்டணம் பெரிய நிறுவனங்களில் முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. தொழிலையே மாற்ற நினைப்பவர்களுக்கு, உதாரணமாக ஆலையிலிருந்து ஆலோசனைத் தொழிலுக்கோ பாங்கிக்கோ போக நினைப்பவர்களுக்கு, இதுவே ஏற்றது. ஏனெனில் புதிய துறைக்காரர்களின் அறிமுகமும் வேலை தேடித் தரும் ஏற்பாடும் இங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது, வேலையை விடாமல் மாலை நேரத்திலோ வாரக் கடைசியிலோ படிப்பது. ஆண்டுகள் இரண்டாகும். கட்டணம் பொதுவாகக் குறைவு, சம்பளமும் நிற்பதில்லை. ஆனால் புதிய வேலையை யாரும் தேடித் தருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. இருக்கும் துறையிலேயே மேலே ஏற நினைப்பவர்களுக்கு இது தகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிடைக்கப் போவது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுவிட வேண்டும். பட்டம் வழங்கும் உரிமை, சட்டப்படி அமைந்த பல்கலைக் கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக் கழகங்களுக்கும், பாராளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. ஐ.ஐ.எம்.களே 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில் பட்டயந்தான் கொடுத்து வந்தன. பட்டயமானாலும் சான்றிதழானாலும் படிப்பு வீண் என்பதில்லை. எது வேண்டும் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

தாளின் மறுபக்கம்

மாமா கொடுத்த தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் நான் கணக்குப் போட்டேன். அவர் எழுதியிருந்த 35 லட்சம் படிப்புக் கட்டணம் மட்டுமே. அவர் எழுத மறந்தது, வராமல் போகும் சம்பளம். கைக்கு வரும் சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம். ஓராண்டுக்கு 18 லட்சம். ஆக, ஓராண்டுப் படிப்பின் உண்மையான விலை 53 லட்சம். பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். பையிலிருந்து வெளியே போகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. பைக்குள் வராமல் நின்ற பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏமாறும் இடம் அதுதான்.

இனி, கடன். 30 லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில், பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 39,650 ரூபாய். மாமாவுக்கு ஏற்கெனவே வீட்டுக் கடன் தவணை 38,000. இரண்டும் சேர்ந்தால், இப்போதைய சம்பளத்தில் பாதிக்கு மேல் பாங்கிக்கே போய்விடும். படித்து முடித்த பிறகு, வரி போக மாதம் நாற்பதினாயிரம் அதிகமாகக் கிடைத்தால்தான் இன்றுள்ள நிலையிலேயே நிற்க முடியும். அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம். அந்த லாபத்தை அனுபவிக்க 25 வயதுக்காரனுக்கு முப்பத்தைந்து ஆண்டு இருக்கிறது. 38 வயதுக்காரருக்கு இருபத்திரண்டே ஆண்டு. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்றார் மாமா. உண்டு, எட்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். மாமா புதிய முறைக்கு மாறிவிட்டவர்.

அடுத்தது மாலை வகுப்பு. மாமா விசாரித்திருந்த வகுப்புக்குக் கட்டணம் 14 லட்சம். இரண்டு ஆண்டில் நான்கு தவணை. சம்பளம் நிற்காது. சேமிப்பிலிருந்து பாதியும், கடன் வாங்கிப் பாதியும் கட்டிவிடலாம். 53 எங்கே, 14 எங்கே! கணக்கு முடிந்தது என்று நான் பென்சிலைக் கீழே வைத்தேன். ஆனால் முடியவில்லை. மாலை வகுப்பின் விலை பணத்தில் குறைவு, நேரத்தில் அதிகம். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் மாமா மட்டும் அல்லர்.

அத்தை ஒரு பள்ளியில் ஆசிரியை. விஷயம் தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பாப்பா இப்போ எட்டாவது. நீங்க படிப்பை முடிக்கிறதுக்குள்ளே அவளுக்குப் பத்தாவது பொதுத் தேர்வு வரும். அதைக் கணக்கிலே சேர்த்தீங்களா?"

நாங்கள் இருவரும் சேர்க்கவில்லை. முதுகலை படிக்கும் நானும் சேர்க்கவில்லை. பெற்ற தகப்பனும் சேர்க்கவில்லை.

வினையூக்கி சொல்லும் பாடம்

இந்த இடத்தில் என் சொந்தப் பாடமாகிய வேதியியலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். கலைப் பிரிவு நண்பர்கள் அஞ்ச வேண்டாம். சமன்பாடு எதுவும் வராது.

இந்த இதழின் தாளைச் சுற்றி ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. தாளும் ஆக்சிஜனும் சேர்ந்தால் எரிய வேண்டும். ஏன் எரியவில்லை? இடையே ஒரு மேடு இருக்கிறது. அதைத் தாண்டச் சிறிது ஆற்றல் வேண்டும். தீக்குச்சி அதைத் தருகிறது. சில வினைகளில் இந்த மேட்டைத் தாழ்த்தி, எளிதாகக் கடக்கும் வேறொரு பாதையைக் காட்ட ஒரு பொருளைச் சேர்ப்போம். அதற்கு வினையூக்கி என்று பெயர். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும்போது இரும்பு அந்த வேலையைச் செய்கிறது. கந்தக அமிலம் செய்யும்போது வனேடியம் பென்டாக்சைடு செய்கிறது.

வினையூக்கியைப் பற்றி இரண்டு உண்மைகளை மறக்கக் கூடாது. ஒன்று, தானாக நிகழும் இயல்பே இல்லாத வினையை அது நிகழ்த்திவிடாது. தண்ணீரில் எந்த வினையூக்கியை மட்டும் போட்டு வைத்தாலும், அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடாது; வெளியிலிருந்து ஆற்றல் செலுத்தியாக வேண்டும். மற்றொன்று, ஒரு வினைக்கு உதவும் வினையூக்கி இன்னொரு வினைக்கும் உதவும் என்பதில்லை.

எம்.பி.ஏ. பட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. மாமாவின் பதினாறு ஆண்டு அனுபவமும், தொழிலாளிகள் அவரிடம் வைத்திருக்கும் நம்பிக்கையுமே அடிப்படை ஆற்றல். அது இருப்பதால்தான் படிப்புக்குப் பயன் உண்டு. அது இல்லாதவருக்குப் பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும். அப்படியானால் மாமாவின் பாதையில் குறுக்கே நிற்கும் மேடு எது? நிதி அறிவு இல்லாமையா, பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து இல்லாமையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் 53 லட்சமும் செலவிட முடியாது. 14 லட்சமும் செலவிட முடியாது.

அறிவியல் மாணவனுக்குத் தெரிந்த வழி, சோதித்துப் பார்ப்பது. "மாமா, நீங்கள் விரும்பும் பதவியில் இப்போது இருப்பவர்கள் மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்" என்றேன். பரீதாபாத்திலும் மானேசரிலும் தமக்குப் பழக்கமான மூவரைப் பார்த்துவிட்டு வந்தார். இருவருக்கு எம்.பி.ஏ. இல்லை. நிதியை வேலையிலிருந்தே கற்றவர்கள். மூன்றாமவர் நாற்பத்தோராம் வயதில் மாலை வகுப்பில் படித்தவர். ஓராண்டு முழுநேரம் படித்தவர் ஒருவரும் இல்லை.

அப்படியானால் படிக்கவே வேண்டாமே என்று நான் சொன்னேன். மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "மாப்பிள்ளே, கணக்கிலே ஒரு வரி நான் உன்கிட்டே சொல்லலை."

விட்டுப் போன வரி

2009ஆம் ஆண்டின் கடைசியில் மாமா கேட் தேர்வு எழுதினார். அத்தேர்வு காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிய முதல் ஆண்டு அது. நல்ல மதிப்பெண் கிடைத்து, நேர்முகத்துக்கு ஓரிடத்திலிருந்து அழைப்பும் வந்தது. அந்த வாரத்தில்தான் மதுரையில் என் தாத்தா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருவர் வந்து பத்திரத்தைக் காட்டினார். 2001இல் என் தாயாரின் கல்யாணத்துக்காகத் தாத்தா வாங்கிய 3 லட்சம், இரண்டு வட்டி. அதாவது மாதம் 6,000 ரூபாய் வட்டி. தாத்தா ஒன்பது ஆண்டுகளாக வட்டியை மட்டும் கட்டி வந்திருக்கிறார். முதல் அப்படியே நின்றது. மாமா நேர்முகத்துக்குப் போகவில்லை. வேலைக்குத் திரும்பினார். தமக்குக் கல்யாணமான பிறகும் கட்டி, 2014இல் அந்தப் பத்திரத்தைத் திருப்பி வாங்கினார்.

எங்கள் வீட்டில் இது எனக்குத் தெரியாது. எட்டு வயதில் தகப்பனாருக்கு மாற்றலாகி டில்லிக்கு வந்தவன் நான். இங்கே டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழும், பிறகு கல்லூரியில் வேதியியலும், எந்தத் தடையுமின்றிப் படித்தேன். என் தாயாரின் கழுத்தில் நான் நாள்தோறும் பார்க்கும் சங்கிலியின் விலை என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் தாயாருக்கும் விஷயம் எட்டியது. மறு ஞாயிறு மாமா வந்தபோது, அம்மா பீரோவைத் திறந்து நகைப் பெட்டியை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். "தம்பி, இதை வச்சு நீ முழு நேரமாவே படி. அன்னைக்கே போயிருக்க வேண்டியவன்" என்றார்.

மாமா சிரித்துவிட்டார். "அக்கா, இதுக்குத்தானே நாலு வருஷம் கடன் அடைச்சேன். மறுபடியும் இதைக் கொண்டுபோய் அடகு வைக்கவா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா பெட்டியை உடனே உள்ளே எடுத்துச் செல்லவில்லை.

அன்றிரவு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நடுவயதில் படிக்க நினைப்பவர் மனத்தில் மூன்று தேவைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அறிவு வேண்டும் என்பது ஒன்று. பட்டம் வேண்டும் என்பது மற்றொன்று. அன்று கைவிட்டுப் போனதை இன்று அடைய வேண்டும் என்னும் ஏக்கம் மூன்றாவது. மூன்றும் நியாயமானவையே. ஆனால் மூன்றுக்கும் விலை வேறு வேறு. அறிவு மலிவாகக் கிடைக்கும். பட்டத்துக்கு விலை உண்டு. அது தேவையா என்பதை விசாரித்து அறியலாம். ஏக்கத்துக்கோ விலையே இல்லை. எவ்வளவு கேட்டாலும் கொடுக்கத் தோன்றும். ஆகவேதான் அதைத் தனியே பிரித்து வைத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் கணக்குப் போட வேண்டும். மாமா எழுதிய அந்தப் பெரிய கேள்விக்குறி 35 லட்சத்தைப் பற்றியது அன்று. 2010ஆம் ஆண்டைப் பற்றியது.

எடுத்த முடிவு

முதலில் மலிவானதை வாங்கிப் பார்த்தார். நம் அரசாங்கம் 2017இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் இணையக் கல்வித் தளத்தில் பாடங்கள் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் சிறு கட்டணம். கணக்கியலிலும் நிதியிலும் ஒரு பன்னிரண்டு வாரப் பாடத்தில் ஜனவரி இறுதியில் சேர்ந்தார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிப்பார். நடுவயதுக்காரர் படிப்புக்குத் தயாரா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. மூன்று மாதம் நாலரை மணிக்கு எழ முடியாதவர், இரண்டு ஆண்டு மாலை வகுப்புக்குப் பணம் கட்டாமல் இருப்பதே நன்று.

மாமா எழுந்தார். ஏப்ரலில் தேர்வும் எழுதினார். அதைவிட முக்கியமாக, நாற்பத்தைந்து நாள் சரக்கு எங்கெங்கே தேங்குகிறது என்று தம் ஆலையிலேயே ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, மூன்று பக்கத்தில் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். உடனே பதவி உயர்வு ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் மாதக் கணக்கை ஆராயும் கூட்டத்துக்கு அவரையும் அழைக்கத் தொடங்கினார்கள்.

அதன் பிறகும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் குறையவில்லை. இப்போது காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது: "நிதி கொஞ்சம் வந்துடுச்சு. விற்பனையும் சட்டமும் ஆளை நடத்துறதும் ஒழுங்காத் தெரியணும். வேலை மாறினால் கேட்கிறவங்களுக்குக் காட்டப் பட்டமும் இருக்கணும். பதினாலு லட்சம் வரைக்கும் சரி. அதுக்கு மேலே வேண்டாம்." இப்படி ஒரு வாக்கியமும் ஓர் எல்லையும் கிடைத்துவிட்டால், முடிவு பாதி எடுத்தாயிற்று.

அத்தை இரண்டு நிபந்தனை விதித்தார். பாப்பாவின் பொதுத் தேர்வுக்கு முன்னால் இருபது நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு ஆண்டும் வேறு விடுப்பு எடுக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு வகுப்பிலிருந்து வந்து, சாப்பாடு எங்கே என்று கேட்கக் கூடாது; எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். மாமா இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். ஜூலை முதல் வாரத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் அவரைவிட மூத்தவர்கள் நால்வர் இருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் கவனித்தேன்.

இதைப் படிக்கும் அன்பர்கள் சிலர், இளங்கலை முடிந்த கையோடு எம்.பி.ஏ. சேரலாமா, சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுச் சேரலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பீர்கள். அவரவர் வீட்டு நிலையை அறியாமல் யாரும் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அறிவு, பட்டம், ஏக்கம் மூன்றையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். வராமல் நிற்கும் சம்பளத்தையும் எழுதுங்கள். உங்களுக்காக நேரத்தையோ நகையையோ விட்டுக்கொடுக்கப் போகிறவர்கள் யார் யார் என்பதையும் எழுதி, அவர்களிடம் கேளுங்கள். பிறகு துணிந்து இறங்கலாம்.

சென்ற சனிக்கிழமை இரவு மாமாவிடமிருந்து தொலைபேசி வந்தது. புள்ளியியலில் திட்ட விலக்கம் என்றால் என்ன என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்தில் பாப்பாவின் குரல் கேட்டது: "அப்பா, என் ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுங்க!" இருவரும் ஒரே மேஜையில் படிக்கிறார்கள் போலும்.

மன்றத்தின் அறையில் சனிக்கிழமை மாலைதோறும் ஐந்து முதல் ஏழு வரை இருப்பேன். வீட்டில் யாருக்கேனும் இத்தகைய கணக்குப் போட வேண்டியிருந்தால் அழைத்து வாருங்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது. தாள் மட்டும் கொண்டு வந்தால் போதும்.